கேட்டதும் கண்டதும்: திருவனந்தபுரத்து விருந்தினர் கோப்பு ஒன்று

சில நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கோப்பு இருக்கும். வைஃபை கடவுச்சொல், கீசரின் சுவிட்ச், குப்பையைப் பிரித்துப் போடும் முறை, புறப்படும்போது சாவியை வைக்க வேண்டிய இடம் ஆகியவை முதல் பக்கங்களில் வரும். கடைசிப் பக்கங்கள் 'அருகில் காணத்தக்கவை' பற்றியன. இக்கோப்பை ஒரு பனுவலாக எடுத்துப் படிப்பவர் அரிது. ஆனால் அதில் ஒருவர் தாம் முன்பின் அறியாத ஒருவரிடம் 'இங்கே போ, இதை உண், இதைச் செய்யாதே' என்று சொல்கிறார். அச்சொல்லை நம்பி ஒருவர் கடலில் இறங்குகிறார். ஒருவர் கோயில் வாசலில் வரிசையில் நிற்கிறார். ஒருவர் அந்த ஊரில் தமக்கிருக்கும் ஒரே பகலைச் செலவழிக்கிறார். ஆகவே பரிந்துரைப்பவருக்குப் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பை மொழி எவ்வாறு சுமக்கிறது என்பதே இங்கே கேள்வி.

திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியில், தம் வீட்டு மேல்மாடியைப் பயணிகளுக்கு விடும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முன்னோர் நாகர்கோவில் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் முதல் நாள் 'அம்மா' என்பார்கள். அக்கம்பக்கத்தார் அழைப்பதைக் கேட்டு மறுநாளே 'டீச்சர்' என்று மாறிவிடுவார்கள். அவரோ வயதில் இளையவர் அனைவரையும் 'மக்களே' என்று அழைப்பார். கேரளச் சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை வைரம், தங்கம், வெள்ளி எனத் தரம் பிரித்துச் சான்று வழங்குகிறது. வீட்டுக்காரர் குடும்பம் உடன் வாழ்வதே 'ஹோம்ஸ்டே' என்னும் முறையின் உயிர். விருந்தினர் ஓர் ஊருக்கு மட்டும் வருவதில்லை. அந்த ஊரில் வாழும் ஒருவரிடம் வருகிறார். டீச்சரின் கோப்பு இந்தக் கருத்தைச் சொல்லாமலேயே கடைப்பிடிப்பது.

அவர் முதலில் எழுதியது தமிழிலும் மலையாளத்திலும், கையெழுத்தில். அதில் ஒரு வழக்கம் தெளிவாகத் தெரியும். தாம் சென்ற இடங்களுக்கு 'நன்றாக இருக்கும்' என்று எழுதுவார். செல்லாத இடங்களுக்கு 'நன்றாக இருக்குமாம்' என்று எழுதுவார். 'பொன்முடியில் காலை மூடுபனி அழகாக இருக்குமாம். முழங்கால் வலியால் நான் மலைக்குப் போனதில்லை.' மலையாளப் பக்கத்தில் அதே வேலையை 'அத்ரே' என்னும் சொல் செய்தது.

மொழியியலில் இதைச் சான்றுநிலை என்பர். ஒரு செய்தியைச் சொல்பவர் அதைத் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, ஊகித்தாரா என்பதை வாக்கியத்திலேயே குறிக்கும் இலக்கணக் கூறு அது. உலகின் சில மொழிகளில் இதைக் குறிக்காமல் ஒரு கூற்றை முடிக்கவே இயலாது. தமிழில் அக்கட்டாயம் இல்லை. ஆனால் '-ஆம்' என்னும் ஈறு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'மழை வருமாம்' என்பவர் மழைக்குப் பொறுப்பேற்பதில்லை; தமக்குச் சொன்னவரைச் சுட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். அதே காரணத்தால், '-ஆம்' இன்றி 'வரும்' என்று சொல்பவர் தம் பெயரைப் பிணையாக வைக்கிறார்.

பின்னர் டீச்சரின் தம்பி மகன் அந்தக் கோப்பை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஏர்பிஎன்பி செயலியில் ஏற்றத் தக்க வடிவில் சுருக்கித் தந்தான். நன்மை செய்யும் எண்ணம்தான். பத்து இடங்கள், பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகள். அதில் '-ஆம்' இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு ஈறு இல்லை. 'என்று சொல்கிறார்கள்' எனத் தனிச் சொற்களால் எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டு வரிக்குள் அது அடங்காது, தயக்கமாகவும் தோன்றும். எனவே டீச்சர் நாற்பது முறை நடந்த சாலைத் தெருவும், ஒருமுறைகூடப் பார்க்காத பொன்முடியும் ஒரே உறுதியோடு, ஒரே வரிசையில், 'அவசியம் காண வேண்டியவை' ஆயின.

இம்மாற்றத்தின் எடையை உணரத் தமிழ் மாணவர்களுக்கு வெளிநாட்டுக் கோட்பாடு முதலில் தேவையில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும், பரிந்துரைகளே. தொல்காப்பியப் புறத்திணையியல் இத்துறைக்கு வகுக்கும் இலக்கணத்தில் மூன்று உறுப்புகள் உண்டு: சொல்பவர் தாமே சென்று பெற்றவர்; கேட்பவர் இன்னும் பெறாதவர்; இருவரும் வழியில் எதிர்ப்படுகின்றனர். வள்ளலின் அரண்மனை வாயிலில் அமர்ந்து புகழ்பவனுக்கு இத்துறையில் இடம் இல்லை. திரும்பி வருபவனுக்கே ஆற்றுப்படுத்தும் தகுதி. அவன் புதிய ஆடையும் உண்ட களிப்புமே அவன் சொல்லுக்குச் சான்று.

இவ்வூருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. புறநானூற்றின் 133-ஆம் பாட்டு விறலியாற்றுப்படை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஒரு விறலியை வேள் ஆயிடம் அனுப்புகிறார். நீ அவன் புகழைச் செவியால் கேட்டதுண்டு, கண்ணால் கண்டதில்லை, காண விரும்பினால் போ என்பது அதன் சாரம். கேட்டலுக்கும் காண்டலுக்கும் இடையிலான தொலைவே அப்பாட்டின் பொருள். அந்த ஆயின் குடி ஆண்டது பொதியில் மலையைச் சார்ந்த தென்கோடி நாடு. பிற்கால ஆய் மன்னர்களின் துறைமுகம், இன்று திருவனந்தபுர மாவட்டத்தில் உள்ள விழிஞம். விழிஞத்தில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய குடைவரை ஒன்று இன்றும் இருக்கிறது. அருகில் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகத்தின் பளுதூக்கிகள் நிற்கின்றன. புறநானூற்றுக்கு வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய சொல்லடைவு 1962-இல் இதே ஊரில், கேரளப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளிவந்தது. பாணரும் விறலியரும் ஆற்றுப்படுத்தப்பட்ட நாட்டில், இன்று விருந்தினர் கோப்புகள் அவ்வேலையைச் செய்கின்றன.

ஆற்றுப்படைகள் புகழ்ச்சியால் மட்டும் ஆனவை என எண்ணுவது தவறு. மலைபடுகடாத்தில் எச்சரிக்கைக்கே பல அடிகள் செலவாகின்றன. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே விடிந்தபின் நட. தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் பாயும், மரத்தின் மறைவில் செல். பாம்பு உறையும் குழிகளைப் பார்த்து நட. பாறை வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள். நன்னனின் கொடையைப் பாட வந்த புலவர் பெருங்கௌசிகனார், கேட்பவன் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதை மறக்கவில்லை.

டீச்சரின் கையெழுத்துக் கோப்பிலும் எச்சரிக்கைகளே மிகுதி. 'கோவளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் நல்ல குணத்தில் இருக்காது. சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்காலளவும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் விசில் ஊதினால் அவர் உங்களைத்தான் கூப்பிடுகிறார்.' 'சங்குமுகத்தில் பழைய படங்களில் காணும் அகன்ற மணற்பரப்பைத் தேடாதீர்கள். கடலரிப்பு பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. கானாயி குஞ்ஞிராமன் செய்த ஜலகன்னிகை சிலை இருக்கிறது; அதன் அருகில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள், போதும்.' 'திங்கட்கிழமை மட்டும் கையில் இருப்பவர்கள் நேப்பியர் அருங்காட்சியகத்தையும் மிருகக்காட்சிச் சாலையையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் மறந்துவிடுங்கள். மூன்றுக்கும் அன்று விடுமுறை.' சுருக்கப்பட்ட பட்டியலில் கோவளம் இருந்தது, கொடி இல்லை. அருங்காட்சியகம் இருந்தது, திங்கட்கிழமை இல்லை.

நாள் சார்ந்த இத்தகைய அறிவுதான் வரைபடச் செயலிகளில் எளிதில் அகப்படாதது. பத்மநாபசுவாமி கோயிலின் பைங்குனி, அல்பசி உற்சவங்கள் ஒவ்வொன்றும் ஆறாட்டோடு நிறைவுறும். அப்போது சுவாமி ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழி விமான நிலைய ஓடுபாதையைக் கடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மாலைகள் விமானங்கள் பல மணி நேரம் நிறுத்தப்படுகின்றன. மொழி மாணவர்கள் இங்கே ஒரு கணம் நிற்கலாம். மலையாள மாதப் பெயர்கள் மீனமும் துலாமும். ஆனால் கோயில் உற்சவங்கள் பங்குனி, ஐப்பசி என்னும் பெயர்களையே திரிந்த வடிவில் காத்துவருகின்றன. டீச்சரின் கோப்பில் இது பண்பாட்டுச் செய்தியாக இல்லை. 'ஆறாட்டு நாளில் மாலை விமானம் எடுத்திருந்தால் விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்' என்னும் வரியாக இருக்கிறது.

ஆற்றுகால் பொங்காலையும் அப்படியே. கும்ப மாதத்தில் அந்த ஒரு நாள் நகரத்துச் சாலைகளும் நடைபாதைகளும் செங்கல் அடுப்புகளால் நிறைந்துவிடும். இலட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடுவார்கள். ஆற்றுகால் பகவதியைக் கண்ணகி என்று கருதுவோர் பலர். திருவிழா நாட்களில் பாடப்படும் தோற்றம்பாட்டு கண்ணகி கதையைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் படிக்கும் மாணவர்க்கு அந்நாளில் இந்நகரில் இருப்பதைவிடப் பெரிய பாடம் இல்லை. அவசரமாக மருத்துவமனைக்கோ இரயிலுக்கோ செல்ல வேண்டியவர்க்கு அதைவிடப் பெரிய இடையூறும் இல்லை. ஒரே நாளை ஒருவருக்கு 'வா' என்றும் மற்றவருக்கு 'அன்று வராதே' என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியலுக்குக் கேட்பவர் யார் என்பது தெரியாது, ஆற்றுப்படைக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது கோயில் வாசல். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆண்கள் மேலாடையின்றி வேட்டி உடுத்த வேண்டும்; பெண்களுக்கும் உடை விதி உண்டு; கைப்பேசிக்கு இடமில்லை. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பு, அதுவரை பிறப்பின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட இந்துக்களுக்குக் கோயில்களைத் திறந்தது. 'எல்லோரும்' என்னும் சொல்லின் எல்லை அன்று விரிந்தது. விரிந்த எல்லைக்கும் ஒரு விளிம்பு இருந்தது. ஊருக்கு வரும் விருந்தினர் அந்த விளிம்பில் முட்டிக்கொள்ளக் கூடும்.

தட்டச்சுப் பட்டியலில் கோயில் முதலிடத்தில் இருந்தது. உடையைப் பற்றிய குறிப்பு இருந்தது. அனுமதியைப் பற்றிய குறிப்பு இல்லை. எதிர்மறையாகத் தொனிக்குமே என்று தம்பி மகன் விட்டுவிட்டான். மேல்மாடியில் தங்கிய ஒருவர் அதை நம்பி அதிகாலையில் எழுந்து, புது வேட்டி உடுத்துச் சென்று, வந்த வழியே திரும்பினார். அவர் எவரையும் குறை சொல்லவில்லை. புறப்படும்போது, 'முன்பே தெரிந்திருந்தால் அந்நேரத்தில் கடற்கரைக்குப் போயிருப்பேன், டீச்சர்' என்று மட்டும் சொன்னார். அன்று மாலை டீச்சர் ஆங்கிலப் பட்டியலைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

அதன்பின் அவர் எதிர்கொண்ட சிக்கல் மொழிச் சிக்கல்தான். தங்குபவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது சட்டப்படி அவர் கடமை. பெயரைப் பார்த்து, பொருந்தும் பெயர் உடையவரிடம் 'கோயிலுக்குப் போய்வாருங்கள்' என்றும், மற்றவரிடம் ஒன்றும் சொல்லாமலும் விடலாம். அல்லது அவரைத் தனியே அழைத்து விதியைச் சொல்லலாம். முதலாவது மறைப்பது, இரண்டாவது, வாசற்காவலரின் வேலையை வீட்டுக்காரரே ஏற்றுக்கொள்வது. பெயர் மதத்தைச் சரியாகக் காட்டும் என்பதற்கும் உறுதி இல்லை. விருந்தோம்பலில் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதே முதல் அறம் என்றால், இரண்டு வழியிலும் முகம் வாடும்.

டீச்சர் கண்ட வழி எளியது. எல்லா விருந்தினருக்கும், ஒரே பக்கத்தில், ஒரே சொற்களில் எழுதினார்: 'கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. இது கோயிலின் விதி. இந்த வீட்டின் விதி அல்ல. பத்மதீர்த்தக் குளக்கரையிலிருந்து ஏழு நிலைக் கோபுரத்தை எல்லோரும் பார்க்கலாம். பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையில் எல்லோருக்கும் இடம் உண்டு. கூரை விளிம்பைத் தாங்கும் 122 மரக்குதிரைகளை எண்ணிப் பாருங்கள். பாளையத்தில் ஜும்மா மசூதியும் கணபதி கோயிலும் தூய யோசேப்பு பேராலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன, மாலையில் போங்கள்.' யாரையும் குறித்துச் சொல்லாததால் யாரும் குறிக்கப்படவில்லை. எவருக்கும் மறைக்கப்படவும் இல்லை. 'இந்த வீட்டின் விதி அல்ல' என்னும் ஒரு தொடர், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதை உணர்த்திவிடுகிறது. ஆஸ்டினும் சர்லும் வகுத்த பேச்சுச்செயல் கோட்பாட்டில், ஒரு கூற்று செல்லுபடியாக நேர்மை ஒரு நிபந்தனை. கேட்பவரின் நலன் நோக்கிச் சொல்லப்படுவதும் அறிவுரைக்கு ஒரு நிபந்தனை. இரண்டும் இப்பக்கத்தில் நிறைவேறுகின்றன.

நேர்மை நிபந்தனையைப் பணமும் சோதிக்கிறது. சுற்றுலா ஊர்களில் பரிந்துரைக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. ஆட்டோ நிற்கும் கடை, ஓட்டுநர் சொல்லும் மசாஜ் நிலையம், 'என் நண்பர் படகு' ஆகியவற்றின் பின்னே ஒரு விழுக்காடு இருக்கக் கூடும். விருந்தினர் வெறுப்பது அந்தத் தொகையை அன்று, அது மறைக்கப்படுவதை. ஆற்றுப்படுத்தும் பாணனுக்கு அடுத்த பாணன் போவதால் ஒன்றும் கிடைப்பதில்லை. அவன் பெற்றது முன்பே முடிந்துவிட்டது. வீட்டுக்காரரின் நிலை அவ்வளவு தூய்மையானதும் இல்லை. விருந்தினர் மகிழ்ந்தால் நட்சத்திரங்கள் கூடும். நட்சத்திரங்கள் கூடினால் அறை நிறையும். ஆகவே எல்லாவற்றையும் 'அருமை' என்று சொல்லத் தூண்டும் காற்று எப்போதும் வீசிக்கொண்டிருக்கிறது. அக்காற்றை எதிர்த்து 'நான் போனதில்லை' என்று எழுதுவது சிறு செயலாகத் தோன்றும். ஆனால் அதைப் படித்தபின்தான் மற்ற வரிகளை நம்பலாம் என்ற எண்ணம் விருந்தினருக்கு வருகிறது.

உணவுப் பக்கத்தில் டீச்சரின் கை சற்றுத் தளர்கிறது, மகிழ்ச்சி தெரிகிறது. 'உணவகத்தில் வைக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீரைக் கண்டு பயப்படாதீர்கள். பதிமுகம் போட்டுக் காய்ச்சியது. போளியைத் தனியே தின்றுவிட்டு "இதுதானா" என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் பாயசத்தோடு சேர்த்தே தின்ன வேண்டும். இரவு தட்டுக்கடையில் தோசையும் ரசவடையும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மதியத்தில்.' தமிழரான விருந்தினர்க்குத் தனிக் குறிப்பு ஒன்று: '"கழிச்சோ?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், "சாப்பிட்டாயா?" என்பதே பொருள். "வெள்ளம் வேணுமோ?" என்றால் குடிநீர்தான்.' தெருவெங்கும் தொங்கும் 'ஊணு ரெடி' என்னும் பலகையைக் கண்டு தமிழ் மாணவர் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு முன் நினைவுகொள்ளலாம்: ஊண் என்பது சங்கத் தமிழில் உணவு. நம் பேச்சு கைவிட்ட சொல்லைக் கேரளத்து உணவகம் வாசலில் தொங்கவிட்டிருக்கிறது.

தம்பானூரில் பேருந்து நிலையத்தருகே லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காஃபி ஹவுஸ் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். செந்நிறச் செங்கல் உருளை. உள்ளே சுருள் சுருளாக ஏறிச் செல்லும் சாய்தளம். அதன் ஓரமாகவே மேசைகள். அதைப் பற்றி டீச்சர் எழுதியது இரண்டு வரி: 'கட்டடம் பார்க்க வேண்டியது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இடம் கிடைக்கும் நேரத்தில் போங்கள்.' கட்டடக் கலை நூல்களில் இவ்வரியைக் காண இயலாது. வலியுள்ள முழங்காலோடு அந்தச் சரிவில் ஏறிய ஒருவரால்தான் அதை எழுத முடியும்.

கோப்பில் சாலைத் தெருவுக்கு ஒரு முழுப் பக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அந்தக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அங்கே பல்லாண்டுகள் கடை நடத்தியபடியே அத்தெருவின் மனிதர்களைச் சிறுகதைகளாக எழுதியவர் ஆ. மாதவன், 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021-இல் மறைந்தார். நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' இந்நகரையே களமாகக் கொண்டது. பெயரே அதைச் சொல்லும். ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய நகுலன் வாழ்ந்து எழுதியதும் இங்கேதான். மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். சுற்றுலாப் பட்டியல்களில் இவர்களின் நகரம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அதைப் பட்டியலிட ஒரு கோபுரமோ அருவியோ இல்லை. நடக்க ஒரு தெரு மட்டுமே உண்டு.

1975-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் சார்லட் லிண்டே, வில்லியம் லபாவ் இருவரும், நியூயார்க் மக்கள் தம் குடியிருப்பை எவ்வாறு விவரிக்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். மிகப் பெரும்பாலோர் மேலிருந்து பார்க்கும் வரைபடம்போல் சொல்லவில்லை. வாசலில் நுழைந்து ஒவ்வோர் அறையாக நடத்திச் செல்வதுபோல் சொன்னார்கள். வாழுமிடத்தைச் சொல்லும் மனித வழக்கம் நடைவழக்கம். சிறுபாணாற்றுப்படையும் அவ்வாறே எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று நடத்திச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் எது உண்ணக் கிடைக்கும் என்று சொல்கிறது. டீச்சரின் சாலைத் தெருப் பக்கமும் கிழக்கேகோட்டையில் பேருந்திலிருந்து இறங்குவதில் தொடங்கி, பூக்கடை, வெல்ல மண்டி, பாத்திரக்கடை என்று நடந்து, 'இங்கே கால் வலிக்கும்; எதிரில் டீ குடியுங்கள்' என்று நிற்கிறது.

சென்ற ஆண்டு மதுரையிலிருந்து இரண்டு ஆய்வு மாணவர்கள் காரியவட்டத்துச் சுவடி நூலகத்தைப் பார்க்க வந்து அந்த மேல்மாடியில் தங்கினர். நூலகம் எப்படி இருக்கும் என்று டீச்சரிடம் கேட்டனர். 'நல்லா இருக்குமாம் மக்களே, நான் உள்ள போனதில்ல' என்றார் அவர். அவர்கள் மூன்று நாள் அங்கே சுவடி பார்த்தனர். புறப்படும் முன் கோப்பின் பின்பக்கத்து வெற்றுத் தாளில், எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்தக் கடிதத்தை முன்கூட்டியே கொண்டுவருவது, மதிய உணவுக்கு வளாகத்தில் எங்கே போவது என்றெல்லாம் எழுதிவைத்தனர். டீச்சர் அதைத் திருத்தவில்லை. தம் பக்கத்தில் இருந்த 'இருக்குமாம்' என்பதையும் மாற்றவில்லை. அருகில் 'பின்பக்கம் பார்க்க, போனவர்கள் எழுதியது' என்று மட்டும் சேர்த்தார். இப்போது அத்தாள்கள் பதினொன்றாகிவிட்டன. யூதர், ஜெர்மானியர், திருச்சிக்காரர், கோழிக்கோட்டுக்காரர் எனப் பலர் பல மொழிகளில் எழுதியவை.

மொழியியலிலும் இலக்கியத்திலும் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இத்தகைய கோப்புகளைத் தொகுக்கலாம். சான்றுநிலை ஈறுகள் எழுத்தில் எங்கே தங்குகின்றன, மொழிபெயர்ப்பில் எங்கே உதிர்கின்றன, விலக்கலைச் சொல்ல எத்தகைய வாக்கிய அமைப்புகளை மக்கள் தேர்கின்றனர் என்பனவற்றுக்கு நல்ல தரவு அவற்றில் கிடைக்கும். ஆற்றுப்படையைத் தேர்வுக்கு மட்டும் படித்த தலைமுறைக்கு, அத்துறை சமையலறை மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வாழ்ந்துகொண்டிருப்பதும் தெரியவரும்.

வீடு விடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடச் சுருக்கமானது. பத்து இடங்களை எழுதும் முன், எவற்றுக்கு நீங்களே போயிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுதான் என்றால் மூன்றை எழுதுங்கள். மற்றவற்றுக்கு ஓர் '-ஆம்' சேர்த்துவிடுங்கள். விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.